பிறந்த எலியும் பிறந்த குழந்தையும்: அறிவியல் செய்தி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் இணைய இதழ்களிலும் மருத்துவ அறிவியல் செய்திகளை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் செவித்திறனைப் பரிசோதிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். உட்செவியில் கருவி பொருத்தி நரம்பைத் தூண்டிக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தான பிறகு, "காது கேளாமைக்கு இனி ஒரே ஊசி" என்ற தலைப்பைக் கைபேசியில் காட்டி, "இன்னும் இரண்டு வருஷம் பொறுத்தால் இது வந்துவிடாதா சார்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். அவருடைய மகனுக்கு அப்போது வயது இரண்டு. அந்தக் கேள்விதான் இம்மடலை எழுத வைத்தது.

அவர் காட்டிய செய்தி, ஒலியை நரம்புக்கான சமிக்ஞையாக மாற்றும் உட்செவியின் மயிர் செல்களைப் பற்றியது. (செய்தியோடு வந்த படத்தில் இருந்தது காது மடலில் முளைத்த முடி, இவற்றுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) நத்தைக்கூட்டைப் போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், காது ஒன்றுக்கு ஏறத்தாழ 3,500 உள் மயிர் செல்களும் 12,000 வெளி மயிர் செல்களும் இருக்கின்றன. பேரொலியாலோ, ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளாலோ, முதுமையாலோ அழிந்துபோனவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

பறவைகளுக்கு முளைக்கின்றன. ஒலியால் சேதமடைந்த கோழிக்குஞ்சின் செவியிலும் காடையின் செவியிலும் புதிய மயிர் செல்கள் உருவாவதை 1988இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டியதிலிருந்துதான் இத்துறையின் நம்பிக்கை பிறந்தது. சுற்றியிருக்கும் துணை செல்களே பிரிந்தும் உருமாறியும் அந்த இடத்தை நிரப்புகின்றன. பாலூட்டிகளின் கருவிலும் மயிர் செல்லும் துணை செல்லும் ஒரே மூலத்திலிருந்துதான் வருகின்றன, ஏ.டி.ஓ.எச்.1 என்னும் மரபணு எந்தச் செல்லில் ஓங்குகிறதோ அது மயிர் செல்லாகி, 'நாட்ச்' என்ற சமிக்ஞை வழியாகப் பக்கத்துச் செல்லை அவ்வாறு ஆகவிடாமல் தடுத்து வைக்கிறது. அந்தத் தடையை மருந்தால் தளர்த்தினால் துணை செல் மயிர் செல்லாக மாறும் என்பது எலிகளில் பலமுறை கண்டது.

நீங்கள் கவனிக்க வேண்டுமென்று நான் மன்றாடுவது எலியின் வயதை. எலிக்குஞ்சு செவிடாகவே பிறக்கிறது. அதற்குக் கேட்கத் தொடங்குவது ஏறத்தாழ பன்னிரண்டாம் நாளில். மனிதக் குழந்தையோ தாயின் வயிற்றிலிருக்கும்போதே கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, பிறந்து ஓரிரு நாளான எலியின் காக்ளியா நம் கைக்குழந்தையின் காக்ளியாவுக்கு அல்ல, கருப்பையில் பாதி மாதங்களைக் கடந்த சிசுவின் காக்ளியாவுக்கே நிகர். துணை செல்களின் உருமாறும் ஆற்றல் எலியிலும் பிறந்த சில நாட்களிலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. "எலிகளில் வெற்றி" என்று எழுதும்போது அந்த எலி எத்தனை நாள் குஞ்சு என்ற ஒரு சொல் விடுபட்டால், செய்தியின் பொருளே மாறிவிடுகிறது.

மயிர் செல்களை மீண்டும் முளைக்க வைக்கும் முயற்சியை மனிதரில் செய்து பார்க்காமலும் இல்லை. அமெரிக்காவின் ஃப்ரீக்வென்சி தெராபியூட்டிக்ஸ் நிறுவனம் எஃப்.எக்ஸ்-322 என்ற ஊசி மருந்தை நடுச்செவிக்குள் செலுத்திப் பார்த்தது; தொடக்கச் சோதனை நம்பிக்கை தந்தது, பெரிய சோதனையிலோ மருந்துக்கும் போலி மருந்துக்கும் வேறுபாடு தென்படவில்லை என்று 2023 பிப்ரவரியில் அறிவித்து அம்முயற்சியையே கைவிட்டது. நம்பிக்கையை முதல் பக்கத்தில் போட்ட இதழ்களில் எத்தனை இந்த முடிவுக்கும் இடம் கொடுத்தன?

அடுத்த ஆண்டே ஷாங்காய் மருத்துவர்களின் மரபணு சிகிச்சைச் செய்தி வந்தது: ஆறு குழந்தைகளில் ஐவருக்குச் செவித்திறன் திரும்பியது. இது மெய்யான சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்குழந்தைகளின் மயிர் செல்கள் அழியவில்லை. ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இல்லாததால், கேட்ட ஒலியை நரம்புக்குக் கடத்த முடியாமல் இருந்தன. மரபணு அந்தப் புரதத்தை ஈடு செய்தது, செல் எதையும் புதிதாக முளைக்க வைக்கவில்லை. பிறவிச் செவிடுகளில் இவ்வகை ஒரு சிறு பகுதிதான். இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்து எழுதிய செய்தியைத்தான் அந்தத் தகப்பனார் கையில் வைத்திருந்தார்.

ஆராய்ச்சியை எழுதாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அது எந்த விலங்கில், எந்த வயதில் நடந்தது, மயிர் செல் இருந்ததா அழிந்ததா, மனிதச் சோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பவை முதல் இரண்டு பத்திகளுக்குள் வந்துவிட்டால் போதும். மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் முதல் சில ஆண்டுகள் ஊசிக்காகக் காத்திருப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே என்பதற்கும் காரணம் அதுவே. அந்தச் சிறுவனின் அறுவை சிகிச்சை ஒன்பது மாதம் தள்ளிப்போயிற்று.

இங்ஙனம்,
ஒரு கேட்பியல் வல்லுநர்