பனிச்சறுக்கு உலகப் போட்டிக்குப் புள்ளிக் கணக்குத்தான் வாசல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் க்ரான்ஸ்-மொன்டானாவில் நடக்கவிருக்கும் ஆல்பைன் பனிச்சறுக்கு உலகப் போட்டி பற்றிச் சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரைக்கு இது மறுமொழி. பந்தய வகைகளைப் பற்றிய அறிமுகம் நன்றாகவே இருந்தது. ஆனால் டவுன்ஹில் எனப்படும் நெடுஞ்சரிவு வேகப் பந்தயம் ஒன்றையே அளவுகோலாக வைத்து, "பனி இல்லாத ஊர்க்காரருக்கு அங்கே என்ன வேலை" என்று முடித்தது பொருந்தவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு பிள்ளை அந்தச் சரிவில் இறங்க வேண்டுமென்றால் வழி மறிப்பது புள்ளிக் கணக்கு. அதைக் கட்டுரை தொடவே இல்லை.

முதலில் பனியைப் பேசி முடித்துவிடுவோம். காலிடன்ஸ்பூர்ட் எல்லையைத் தாண்டி, பூத்தா-பூத்தே வழியாக மோட்டெங் கணவாய் ஏறினால், லெசோத்தோவின் மஹ்லசேலா கணவாய்ப் பக்கம் 3,000 மீட்டருக்கு மேல் ஆஃப்ரிஸ்கி சறுக்குத் தளம் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பருவம். இங்கே டர்பன் கோயில்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் அங்கே சறுக்கு மும்முரமாக நடக்கும். வானத்திலிருந்து விழும் பனியை மட்டும் நம்பி அந்தத் தளம் நடப்பதில்லை. தண்ணீரைத் துளியாக்கிப் பீய்ச்சும் பனி பீரங்கிகள்தான் ஆதாரம். ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் அளவு, காற்று வறண்டால் இது குறையும்) சுமார் மைனஸ் 2.5 டிகிரிக்குக் கீழே போனால் அவை வேலை செய்யும். நம் மலைகளின் குளிர்காலக் காற்று வறண்டது என்பதால், சாதாரண வெப்பமானி 1 டிகிரி காட்டும் இரவிலும் பனி செய்துவிடலாம். ஐரோப்பியத் தளங்கள் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது.

முக்கியச் சரிவு ஒரு கிலோமீட்டர் அளவுதான். உலகப் போட்டியின் ஆண்கள் டவுன்ஹில்லுக்கு உச்சிக்கும் அடிக்கும் இடையே 800 முதல் 1,100 மீட்டர் உயர வித்தியாசம் வேண்டும். அதை நாம் மறந்துவிடலாம். கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலத்தில் ஆண்களுக்கு 180 முதல் 220 மீட்டர் போதும், பயிற்சிக்கு அதிலும் குறைவாக இருந்தாலும் போதும். ஸ்லாலம், கம்பங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் ஜயன்ட் ஸ்லாலம் இரண்டுக்கும் உலகப் போட்டியிலேயே தகுதிச் சுற்று உண்டு. சிறு நாடுகளின் வீரர்கள் அந்த வழியாகத்தான் பிரதானப் பந்தயத்துக்குள் நுழைகிறார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீரர் கானர் வில்சன் இறங்கியதும் இந்த இரண்டு பந்தயங்களில்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். எஃப்ஐஎஸ் எனப்படும் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் புள்ளி தலைகீழானது. குறையக் குறைய நல்லது, உலகின் முதல் வீரருக்குப் பூஜ்யம். வென்றவரின் நேரத்தால் உங்கள் நேரத்தை வகுத்து, அதில் ஒன்றைக் கழித்து, பந்தய வகைக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். அண்மைப் பருவங்களில் அந்த எண் ஸ்லாலத்துக்கு 730, ஜயன்ட் ஸ்லாலத்துக்கு 1010, அதைவிட வேகமான சூப்பர்-ஜிக்கு 1190, டவுன்ஹில்லுக்கு 1250. உதாரணமாக, ஸ்லாலத்தின் இரண்டு ஓட்டமும் சேர்த்து வென்றவர் 100 விநாடி, நம் பிள்ளை 112 விநாடி என்று கொள்வோம். 0.12-ஐ 730-ஆல் பெருக்கினால் 87.6. ஜயன்ட் ஸ்லாலத்தில் வென்றவர் 120, நம் பிள்ளை 132 என்றால் 101. பின்தங்கியது இரண்டிலும் அதே 12 விநாடிதான், ஆனால் புள்ளி வேறு.

இதோடு விட்டால் பரவாயில்லை. பலரும் இடறுவது இதற்கு மேல் கூட்டப்படும் அபராதப் புள்ளியில். முதல் பத்து இடங்களுக்குள் வந்தவர்களில் ஏற்கெனவே சிறந்த புள்ளி வைத்திருக்கும் ஐவரின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். புறப்பட்ட எல்லோரிலும் சிறந்த ஐவரின் புள்ளிகளை அதோடு சேர்ப்பார்கள். பிறகு முதலில் சொன்ன ஐவர் அன்றைக்கு எடுத்த பந்தயப் புள்ளிகளைக் கழித்து, வருவதைப் பத்தால் வகுப்பார்கள். நல்ல ஆட்கள் வந்த பந்தயத்தில் முதல் கூட்டுத்தொகை 300, இரண்டாவது 260, கழிப்பது 60 என்றால் அபராதம் 50. நம் பிள்ளையின் 87.6 அப்போது 137.6 ஆகும். பலம் குறைந்த உள்ளூர்ப் பந்தயத்தில் 700, 680, கழிப்பது 80 என்றால் அபராதம் 130. அங்கே முதலிடம் பிடித்துக் கோப்பையோடு வீடு திரும்பும் பிள்ளையின் கணக்கிலும் 130 நிற்கும்! வெற்றி என்று படம் போட்டுக் கொண்டாடுகிறோம், பட்டியலில் அது அசையாது. வலுவான பந்தயத்தில் 12 விநாடி பின்தங்கி வருவதும் உள்ளூரில் வெல்வதும் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஆகவே நம் வீரர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் சிலே, அர்ஜென்டினா, நியூசிலாந்து போக வேண்டும். வடக்கு நாட்டு அணிகள் தங்கள் கோடையில் அங்கேதான் பயிற்சிக்கு வருகின்றன. ஒவ்வொரு பந்தய வகையிலும் பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்த சிறந்த இரண்டு முடிவுகளின் சராசரிதான் பட்டியலில் ஏறும். ஒரே முடிவு இருந்தால் 20 சதவீதம் கூட்டிவிடுவார்கள். ஓட்டத்தை முடிக்காதவருக்குப் புள்ளியே கிடையாது. அதனால் முதல் பருவத்தில் வேகத்தைவிட இரண்டு ஓட்டத்தையும் முடிப்பதுதான் பெரிது. இதைப் பயிற்சியாளர்கள் வாயால் சொல்கிறார்கள், கையில் கடிகாரம் வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

முடிக்காமல் போவதற்கு ஸ்லாலத்தில் அடிக்கடி காணும் காரணம், ஒரு கால் கம்பத்தின் தவறான பக்கம் போய்விடுவது. ஸ்கீ எனும் சறுக்குப் பலகை இரண்டின் முனையும் இரண்டு பாதமும், கம்பம் குறிக்கும் வாசலான கேட்டின் கோட்டைக் கடந்தாக வேண்டும். கம்பம் அடியில் கீல் வைத்தது, அடித்தால் சாய்ந்து நிமிரும். கையால் அதை ஒதுக்கும் ஆசையில் உடம்பை உள்ளே சாய்த்தால், உள்பக்க ஸ்கீ முனை கம்பத்துக்கு அப்பால் போய்விடும். கணைக்கால் எலும்புக் காப்பும் கைக்காப்பும் இல்லாமல் பழகும் பிள்ளைகள் அடிக்குப் பயந்து கம்பத்தை விட்டு விலகி ஓடக் கற்றுக்கொள்கிறார்கள். பின்னால் அதைத் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது தரை. போட்டிச் சரிவில் துளைக் குழாய் வைத்துப் பனிக்குள்ளே தண்ணீரை ஏற்றி உறைய விடுவார்கள், அது கண்ணாடிபோல் இருக்கும். அப்படிச் செய்தாலும் எழுபது எண்பதாவது ஆள் இறங்கும்போது ஒவ்வொரு கேட்டிலும் பள்ளம் விழுந்திருக்கும். முதல் ஓட்டத்தில் சிறந்த ஏழு பேருக்குள் சீட்டுப் போட்டு முதல் ஏழு எண்கள், அடுத்த எட்டுப் பேருக்கு 8 முதல் 15, மற்றவர்கள் புள்ளி வரிசையில். புள்ளி மோசமானால் எண்ணும் பின்னால், தரையும் மோசம். ஸ்கீயின் பக்க விளிம்பை 87 டிகிரிக்குத் தீட்டி, இரண்டு ஓட்டத்துக்கும் இடையே வைரக் கல்லால் மறுபடி உரசாவிட்டால் அந்தப் பள்ளத்தில் பிடிப்பு நிற்காது.

வாடகைக் கடையில் கிடைக்கும் ஸ்கீ செல்லாது. ஸ்லாலத்தில் ஆண்களுக்கு குறைந்தது 165 செ.மீ., பெண்களுக்கு 155. ஜயன்ட் ஸ்லாலத்தில் 193, 188, ஸ்கீயின் பக்க வளைவின் ஆரம் குறைந்தது 30 மீட்டர். ஜயன்ட் ஸ்லாலம் ஹெல்மெட்டில் எஃப்ஐஎஸ் ஆர்எச் 2013 என்ற பாதுகாப்புத் தர முத்திரை வேண்டும். பழைய ஸ்கீ, பழைய பிரஷ் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்கீயின் அடியில் பூசும் மெழுகில் ஃப்ளோரின் கலந்தது 2023-24 பருவத்திலிருந்து தடை. பிரஷ்ஷில் ஒட்டியிருக்கும் மிச்சமே சோதனைக் கருவியில் காட்டிக்கொடுக்கக்கூடும். அந்தப் பருவத்தின் முதல் பந்தயத்திலேயே ஆஸ்திரியாவின் சோல்டனில் நார்வேயின் ரக்னில்ட் மொவின்க்கல் இதற்காக நீக்கப்பட்டார். அவர் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்.

புள்ளி வந்தாலும், பெயரைக் கொடுப்பது நாட்டுச் சங்கம்தான், தனி ஆள் பதிவு செய்ய முடியாது. 2014 சோச்சி ஒலிம்பிக்குக்கு நம் வீரர் சீவே ஸ்பீல்மன் ஸ்லாலத்தில் தகுதி பெற்றும் தென்னாப்பிரிக்க ஒலிம்பிக் அமைப்பு அவரை அனுப்பவில்லை. கட்டுரையாளர் கேள்வியை இந்தப் பக்கம் திருப்பியிருந்தால் பயன் இருந்திருக்கும். பனிக்குப் பேர் போகாத கிரீஸுக்காக 2023-இல் கூர்ஷவெல்-மெரிபெல் உலகப் போட்டி ஸ்லாலத்தில் ஏ.ஜே. கின்னிஸ் வெள்ளி வென்றார். அவர் பழகியது ஆஸ்திரியாவிலும் அமெரிக்காவிலும்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். 1931-இல் சுவிட்சர்லாந்தின் ம்யூரனில் தொடங்கிய இந்தப் போட்டி "எப்போதும் வடக்கிலேயே நடந்தது" என்று கட்டுரை சொல்கிறது. 1966 ஆகஸ்டில் அது சிலே நாட்டின் போர்ட்டில்லோவில் நடந்தது. அங்கே 24 பதக்கங்களில் 16-ஐ பிரான்ஸ் அள்ளிப்போனது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்