தரங்கம்பாடிக்கு ஒரு புதியவனின் நன்றி

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோரக் காவல் படையில் பணிபுரியும் நான், காரைக்காலுக்கு மாற்றலாகி, தரங்கம்பாடியில் குடும்பத்துடன் குடியேறி ஆறு மாதங்களாகின்றன. சாமான்களை இறக்கிய அன்றே எதிர்வீட்டு அம்மாள் ஒரு குடம் குடிநீரும் கிண்ணம் நிறைய மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்ததை என் மனைவி இன்றும் சொல்லி நெகிழ்கிறாள்.

தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரின் இசைவுடன் டேனியர்கள் 1620இல் கால்பதித்துக் கட்டிய கோட்டையையும், 1706இல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய வரலாற்றையும், முதிய மீனவர் ஒருவர் தம் வீட்டுக் கதைபோல எனக்குச் சொன்னார். மாசிலாமணி நாதர் கோயில் முன்பு நின்று, தம் தாத்தா காலத்தில் கரை எதுவரை இருந்தது என்று அவர் அலைகளை நோக்கிக் கைநீட்டிக் காட்டியபோது, பாண்டியர் காலத்துக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டதை எண்ணி மனம் கனத்தது.

எத்தனையோ துறைமுகங்களில் பணியாற்றியிருக்கிறேன். வந்தவரை இத்தனை விரைவில் உறவாக்கிக்கொண்ட ஊரை நான் கண்டதில்லை. இத்தகைய பெரியவர்களின் நினைவில் உள்ள செய்திகளை, அவர்கள் இருக்கும்போதே தொல்லியல் துறையோ கல்லூரி மாணவர்களோ பதிவுசெய்ய வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், தரங்கம்பாடி