மரவீட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனுக்கு அருகே இப்ஸ்விச்சில் நாங்கள் வாங்கிய பழைய குவீன்ஸ்லாந்து மரவீட்டின் வெளிச்சுவர்களில் மூன்று பக்கம் பெயின்ட் அடித்து முடிந்துவிட்டது. மே மாதக் கடைசியில் தொடங்கியபோது நான்கு வார இறுதிகள் போதும் என்று கணக்குப் போட்டேன். பதினொன்று ஆயிற்று. அந்தக் கணக்கைப் பற்றி என் மனைவி இதுவரை வாய் திறக்கவில்லை, அதற்கும் நன்றி.

முதல் நன்றி எதிர்வீட்டுப் பெரியவருக்கு. முதல் நாள் காலை உப்புத்தாள் இயந்திரத்தை வராந்தாக் கிராதியில் வைத்தேன். அவர் சாலையைக் கடந்து வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் காலை வணக்கமே சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உன் மகளுக்கு என்ன வயது?” என்று கேட்டார். மூன்று என்றேன்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்த்தால் அது தூளாகப் பறக்கும். 1904இலேயே பிரிஸ்பேன் கண் மருத்துவர் ஜான் லாக்ஹார்ட் கிப்சன், இங்குள்ள குழந்தைகளைத் தாக்கிய ஈய நஞ்சு வராந்தாக் கிராதியிலும் அறைச்சுவரிலும் பூசிய பெயின்டிலிருந்துதான் வருகிறது என்று எழுதினார். வெயிலில் மாவாக உதிரும் பூச்சு கையில் ஒட்டும், விரல் சூப்பும் பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். பிள்ளைகளின் கைக்கெட்டும் இடங்களில் அந்தப் பெயின்டைத் தடுக்க 1922இல் சட்டமே வந்தது. என் மகள் தினமும் பற்றிக்கொண்டு நின்ற கிராதி அது. ஆய்வகத்துக்கு அனுப்பிய பெயின்ட் சில்லில் ஈயம் இருந்தது. அவளுடைய இரத்தத்தைச் சோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன மருத்துவர் அம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது?

பிறகு எல்லாம் ஈரச் சுரண்டல்தான். தரையில் பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்து, முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளைத் தந்த நண்பர்களே, உங்கள் தோள்வலி எனக்குத் தெரியும். கைகால் கழுவாத எவருக்கும் புளியோதரை கிடையாது என்று தன் வீட்டு வாசலில் மறித்து நின்ற அக்காவுக்குத் தனி வணக்கம்.

தச்சு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அண்ணன் இல்லையென்றால் இற்றுப்போன பலகைகளின் மேலேயே பெயின்ட் அடித்திருப்பேன். மரம் தண்ணீர் குடிப்பது அறுத்த முனை வழியாகத்தான் என்று சொல்லி, புதுப் பலகை ஒவ்வொன்றின் முனைக்கும் பிரைமர் பூசாமல் ஆணியைத் தொட விடவில்லை. வீட்டைத் தாங்கும் கால்களின் தலையில் இருந்த தகரத் தொப்பிகளைத் துருப்பிடித்த குப்பை என்று கழற்றப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். கறையான் அதைச் சுற்றி மண்குழாய் கட்டித்தான் மேலே ஏற முடியும். குழாய் கண்ணில் பட்டுவிடும், அதுதான் தந்திரம்.

நிறத்தைப் பற்றி நடந்த சண்டையை விட்டுவிடுகிறேன். வெண்ணெய் நிறம் வென்றது.

எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. நேற்று ஏணியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போய் இவ்வளவையும் அவரிடம் நேரில் சொன்னேன். ஏணியை வாங்கிக்கொள்ளவில்லை. “பின்பக்கம் அப்படியே இருக்கிறதே” என்றார்.

நன்றியுடன்,
வெண்ணெய் நிற வீட்டார்