பேப்பரில் இரண்டு வகை வெளிநாட்டுக்காரர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

2015இல் சுந்தர் பிச்சை கூகுளின் தலைமைக்கு வந்தபோது நம் பேப்பர்கள் கொண்டாடித் தீர்த்தன. 2021இல் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபரானபோதும் அப்படித்தான். அவர் பிறந்தது கலிபோர்னியாவில். அம்மா சென்னைக்காரர் என்பதே நமக்குப் போதுமாக இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் வளைகுடாவில் சாரம் சரிந்து சாகிறவன் இங்கேயே பிறந்து, இந்தியப் பாஸ்போர்ட்டோடு போனவன். அவனுக்கு உள்பக்கத்தில் மூன்று வரி: வாலிபர் பலி, உடலைக் கொண்டுவரக் குடும்பத்தினர் கோரிக்கை. உடல் வந்ததா, நஷ்டஈடு கிடைத்ததா என்று அப்புறம் யாரும் எழுதுவதில்லை. 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃப் குடியிருப்புத் தீயில் 45 இந்தியர்கள் ஒன்றாக இறந்தபோதுதான் அவர்கள் எப்படி நெருக்கியடித்துத் தங்கியிருந்தார்கள் என்பதே செய்தியானது.

நான் துபாயில் ஸ்டீல் ஃபிக்சராக இருந்தவன், அதாவது கம்பி கட்டுகிற வேலை. ஒருமுறை லீவில் வரும்போது விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் நன்றாகப் பேச்சுக் கொடுத்தார். "எந்தக் கம்பெனி?" என்றார். "சைட்ல கம்பி வேலை சார்" என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். இறங்கினால் உறவுக்காரர்களுக்கு நான் ஏடிஎம். பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "எப்ப திரும்பப் போற?"

அரசாங்கத்துக்கும் இந்தப் பார்வை வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வைத்திருக்கும், சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்கவேண்டிய ஈசிஆர் பாஸ்போர்ட்டுக்கு ஆரஞ்சு அட்டை போடப்போவதாக 2018 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. புத்தகத்தைத் திறக்காமலே 'இவன் படிக்காதவன்' என்று தெரிந்துவிடும், பாருங்கள்! எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதக் கடைசியிலேயே கைவிட்டார்கள். அட்டை நீலமாகவே இருக்கிறது. ஆனாலும் ஏர்போர்ட் கவுன்ட்டரில் எங்கள் செருப்பையும் கயிறு கட்டிய அட்டைப் பெட்டியையும் பார்த்ததுமே "நீ" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

பணத்தைப் பார்த்துத்தான் மரியாதை என்றால் அந்தக் கணக்கும் சரியாக வரவில்லை. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்புப்படி, வெளிநாட்டிலிருந்து இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் அமெரிக்காவின் பங்கு சுமார் 28 சதவீதம். ஆறு வளைகுடா நாடுகளும் சேர்ந்து சுமார் 38. அங்கேயும் டாக்டர், என்ஜினீயர் உண்டுதான். ஆனால் மாதாமாதம் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வரிசையில் நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் எங்களைப் போன்றவர்கள்.

முதல் பக்கம் கேட்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். ஈசிஆர் பாஸ்போர்ட்டில் முறைப்படி அனுமதி வாங்கிப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். பாலிசி எடுத்தது ஏஜென்ட்டுக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. அந்த மூன்று வரிச் செய்தியைப் போடும்போது இதை நான்காவது வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
(முன்னாள் ஸ்டீல் ஃபிக்சர்)