பெட்டி பேசாமல் போனால் யாருக்குத் தெரியும்?

தண்ணீர் மட்டம் பார்க்கும் வயர்லெஸ் கருவிகளைக் கொழும்பில் செய்யும் தம்பி, தங்கைகளுக்கு,

களனி கங்கைக் கரையிலும் கொலன்னாவைப் பக்கத்து வாய்க்கால்களிலும் வைக்கவென்று நீங்கள் செய்யும் பெட்டிகளைப் பற்றித்தான் இந்த மடல். மேசையில் வேலை செய்கிறது, திரையில் பச்சை எரிகிறது, சரி. ஆனால் அந்தப் பெட்டி செத்துப்போனால் எத்தனை நிமிடத்தில் உங்களுக்குத் தெரியவரும்? தண்ணீர் ஏறாததால் வரும் அமைதியும் பெட்டி செத்ததால் வரும் அமைதியும் திரையில் ஒரே மாதிரி இருந்தால், 2016 மே மாத வெள்ளம் போல ஒரு இரவில் அதை நம்பிப் பிள்ளைகளோடு படுத்திருப்பவர்களின் கட்டிலுக்கே தண்ணீர் வந்துவிடும்.

களனியின் மட்டம் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலை ஓர் ஆள் பார்த்துச் சொல்கிறார் என்று வையுங்கள். அவர் சொல்லாத மணியை யாராவது கவனித்து விசாரிப்பார்கள். "மட்டம் மாறினால் மட்டும் அனுப்பு" என்று பற்றரியை மிச்சம்பிடிக்க நீங்கள் எழுதும் அந்த ஒரு வரி, இந்தக் காவலையே எடுத்துவிடுகிறது. மாற்றம் இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளியில் மட்டம், பற்றரி வோல்ட், நேரம் மூன்றும் வரவேண்டும். கருவிகள் செய்தி அனுப்பும் முறைகளில் ஒன்றான எம்கியூடிடியைப் பாவிப்பவர்களுக்குக் கொஞ்சம் வசதி இருக்கிறது. 'உயிரோடு இருக்கிறேன்' என்று காட்டக் கருவிக்குக் குறித்த கீப்-அலைவ் நேரத்தின் ஒன்றரை மடங்குக்குள் அதனிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், செய்திகளை வாங்கிக் கொடுக்கும் புரோக்கர் இணைப்பை வெட்டி, நீங்கள் முன்கூட்டியே கொடுத்த கடைசிச் செய்தியை வெளியிடும். ஆனால் குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்கு அனுப்பும் லோரா ரேடியோ உள்ள, பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும் பெட்டிக்கு அது உதவாது, அங்கே சேர்வர்தான் மணிக்கூடு பார்த்துக் கத்தவேண்டும்.

அப்புறம், பெட்டி ஏன் சாகிறது? அநேகமாகக் கரண்ட்தான். இப்படியான பெட்டிகளில் போடும் ஈஎஸ்பி32 சிப், வைஃபையில் அனுப்பும் கணத்தில் நூற்றுக்கணக்கான மில்லியம்பியர் இழுக்கும். பழைய பற்றரியில் வோல்ட் சரிந்து சிப் ரீசெட் ஆகும், எழும்பி மறுபடி அனுப்பப் பார்க்கும், மறுபடி விழும். யூஎஸ்பி வயரில் வைத்துச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது. நாலைந்து நாள் வெயில் இல்லாமல் சோலார் பலகை சும்மா கிடக்கும் பருவமழையில்தான் படும், அதாவது பெட்டி மிகவும் தேவைப்படும் நேரத்தில். பாதி இறங்கிய பற்றரியில் ஓட்டிப் பாருங்கள், சிப் மொடியூலுக்குப் பக்கத்தில், அந்தக் கணத்து இழுவையைத் தாங்க நல்ல கொப்பாசிட்டர் போடுங்கள்.

2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். அப்படிப் போய்த் திரும்ப வரும்போது எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் சேர்வரைத் தட்டினால் அதுவும் விழுந்துவிடும். ஒவ்வொன்றும் தாறுமாறான நேரம் காத்திருந்து, தோற்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகட்டும். இணைப்பு இல்லாத நேரத்து அளவுகளை நேரத்தோடு உள்ளேயே சேமித்து வைக்கட்டும். தூரத்திலிருந்து ஃபேர்ம்வெயாரை, அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை, மாற்றுவதானால் பழையது இன்னொரு பகுதியில் இருக்கவேண்டும், புதியது சேர்வரைத் தொட முடியாவிட்டால் தானாகப் பழையதற்குத் திரும்பவேண்டும்.

அன்ரனா பற்றியும் ஒன்று. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும், நனைந்த இலைகளும்தான். அறைக்குள் கிடைத்த தூரத்தைக் கரையில் எதிர்பார்க்காதீர்கள். 1 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே போவதானால், ரேடியோ போர்ட் வாங்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் அலைவரிசையைக் கேட்டுவிடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: எத்தனை நிமிடம் பேசாவிட்டால் யாருக்கு அறிவிப்புப் போகும் என்பதை உங்கள் ஆவணத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்த எண்ணை எழுத முடியாத பெட்டியை ஆற்றங்கரையில் பூட்டாதீர்கள்.