கேட்க மட்டும்தானா, பேசவும் இடமுண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் பயிற்சிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2015-இல் தொடங்கிய இத்திட்டத்தின் கீழ், 838 டெராஃப்ளாப் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் 2022-இல் திருச்சி என்.ஐ.டி.க்கு வந்தது. இயந்திரம் வந்துவிட்டது, சரி. அதில் யாருடைய நிரல்கள் ஓடப்போகின்றன? இத்துறை பற்றிய இணையவழித் தொழில்நுட்ப உரைகளைக் கேட்க யாருக்கும் தடையில்லை. ஆனால் நான் கேட்டவற்றில் பேசியவர்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் மூத்த ஆண்கள்தான். சிற்றூர்க் கல்லூரி மாணவிகள் எப்போதும் பார்வையாளர்கள்.

என் மாணவி ஒருவர் அப்படியோர் உரையைப் பேருந்தில் நின்றபடி கைபேசியில் கேட்டார். கறுப்புத் திரையில் கட்டளைகள் எறும்பு வரிசையாகத்தான் தெரிந்தனவாம். தன் நிரல், கணக்கைப் பகிர்ந்து செய்யும் 4 பிராசசர்களில் (கணக்கிடும் சில்லுகளில்) ஓடுவதைவிட 16-இல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தமிழில் தட்டச்சு செய்தார். 'ஆங்கிலத்தில் கேளுங்கள்' என்றார்கள். அப்புறம் நேரம் முடிந்துவிட்டது. பிராசசர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறவே நேரம் கரைவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். இத்துறையின் அடிப்படைச் சிக்கலே அதுதான். அரை மணி நேரம் பேசியிருக்கலாம். ஒவ்வோர் உரையிலும் கடைசி 15 நிமிடங்களை, முதன்முறையாகப் பேச வரும் ஆய்வு மாணவிக்கு ஒதுக்குங்கள். கேள்விகள் தமிழிலும் வரட்டும். திரையில் எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

– இயற்பியல் ஆசிரியை, முசிறி