நீ கொடுத்துவிட்டுப் போன ஆட்டப்பெட்டி

பழையபேட்டை,
கிருஷ்ணகிரி.

அன்புள்ள மாதையா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மருந்தை மட்டும் நம்பாமல் காலை நடையையும் விடாதே. தங்கை சரோஜாவைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் நலம். மாந்தோப்புகளில் பிஞ்சு நன்றாக நின்றிருக்கிறது. கூழ் ஆலைக்காரர்கள் தோத்தாபுரிக்கு என்ன விலை வைப்பார்கள் என்பதுதான் ரவுண்டானா டீக்கடையில் தினமும் பேச்சு.

பொங்கலுக்கு வந்தபோது உன் மகனுடைய பிளேஸ்டேஷன் 3 வீடியோ கேம் பெட்டியைக் கடையில் வைத்து, "உதிரி பாகத்துக்காவது ஆகுமா பார்" என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா? அதை நான் உதிரி பாகமாக்கவில்லை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகள் பூங்கொடி அதைக் கணினியாக்கப் புறப்பட்டாள். பாதிக்கு மேல் ஆக்கியும் விட்டாள். உன் வீட்டுப் பொருள் என்பதால் நடந்ததை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அவளுக்குக் கணினி எவ்வளவு தேவை என்பது உனக்குத் தெரியும். அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவள் அண்ணனுக்கு ஒன்று கிடைத்தது; இவள் முறை வந்தபோது கிடைக்கவில்லை. அண்ணனுடையதிலும் ஒருநாள் தேநீர் கொட்டி மதர்போர்டு போய்விட்டது. அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. பள்ளிக்கூட வயதிலேயே அதைத் தோண்டித் துருவிய பழக்கம்தான் இன்று கை கொடுத்தது. கல்லூரி ஆய்வகம் மாலையில் பூட்டிவிடுகிறது. வீட்டில் ஒரே ஒரு செல்போன். அதில் புரோகிராம் எழுதிப் பழகு என்றால் எப்படி முடியும்?

கடையில் பெட்டியைப் பார்த்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இதை எப்போதாவது இன்டர்நெட்டில் இணைத்தார்களா?" என்பது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிவியில் மாட்டி, அமைப்புகளுக்குள் போய் மென்பொருளின் பதிப்பு எண்ணைப் பார்த்தாள். 2.70 என்று இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! 3.21 வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்றாள். அன்றிலிருந்து நெட் கேபிளை அதன் பக்கத்தில் கொண்டுபோகவும் விடவில்லை.

காரணம் இதுதான். 2006 நவம்பரில் இந்தப் பெட்டி வெளிவந்தபோது, இதில் வேறொரு இயங்குதளத்தையும் நிறுவிக்கொள்ளச் சோனி நிறுவனமே வழி வைத்திருந்தது. அதற்கு முந்தைய பிளேஸ்டேஷன் 2-க்கும் 2002-இல் ஹார்டு டிஸ்க், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து லினக்ஸ் தொகுப்பு ஒன்றை அவர்களே விற்றிருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 3-க்குள் இருக்கும் 'செல்' என்ற பிராசஸர் சோனி, தோஷிபா, ஐபிஎம் மூவரும் சேர்ந்து உருவாக்கியது. அமெரிக்காவில் கௌரவ் கன்னா என்ற இயற்பியல் பேராசிரியர் 2007-இல் எட்டு பிளேஸ்டேஷன்களைக் கோத்துக் கருந்துளைக் கணக்குகளைப் போட்டிருக்கிறார். அமெரிக்க விமானப்படை 1,700-க்கும் மேற்பட்ட பெட்டிகளை அடுக்கி ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. 2008-இல் உலகிலேயே முதன்முதலாகப் பெட்டாஃப்ளாப், அதாவது நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்கு என்ற வேகத்தைத் தொட்ட 'ரோட்ரன்னர்' கணினியிலும் இந்தச் செல் பிராசஸரின் அடுத்த வடிவம்தான் இருந்தது. உன் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடந்தது அந்தக் குடும்பத்துப் பொருள், மாதையா.

பிறகு 2010 ஏப்ரல் 1 அன்று 3.21 என்ற புதுப்பிப்பை வெளியிட்டு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பாதுகாப்புதான் காரணம் என்றார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் பெட்டிக்குள் எது ஓடலாம் என்று பார்த்துக்கொள்ளும் உள்காவல் மென்பொருளை லினக்ஸ் வழியாக உடைத்துவிட்டதாக அறிவித்திருந்தார். புதுப்பிக்க மாட்டேன் என்று நின்றவர்களுக்கு ஆன்லைன் ஆட்டம் போயிற்று. புதுப்பித்தவர்களுக்கு லினக்ஸ் போயிற்று. வழக்குப் போட்டார்கள். பல ஆண்டு இழுத்துச் சமரசத்தில் முடிந்தது. உன் மகன் 2009-இலேயே வெளிநாடு போய்விட்டதால் உங்கள் பெட்டி இதெல்லாம் தெரியாமலே தூங்கியிருக்கிறது.

நானும் நீயும் வால்வு ரேடியோவில் வேலை பழகியவர்கள். பின்பலகையைக் கழற்றினால் உள்பக்கத்தில் சர்க்யூட் வரைபடம் ஒட்டியிருக்கும். எந்த வால்வு, எந்த ரெசிஸ்டர், எங்கே எத்தனை வோல்ட் என்று செய்தவனே எழுதிக் கொடுத்திருப்பான். வாங்கியவனுக்கு அந்தப் பொருளின் மேல் முழு உரிமை உண்டு என்று அவன் நம்பினான். ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பொருளின் பயனை, விற்ற பிறகு தொலைவில் இருந்தபடியே குறைக்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திருட்டு ஆட்டங்களைத் தடுக்க வேண்டும் என்பது நியாயம்தான். அதற்காகப் படிக்கிற பிள்ளைக்குத் திறந்து வைத்த கதவைச் சாத்துவதா? கோபமாகவே எழுதுகிறேன், இது எனக்கு அவ்வளவு முக்கியம்.

வேலைக்கு வருகிறேன். முதலில் உள்ளே சுத்தம் செய்தேன். சில்லின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது, புதிதாகப் பூசினேன். ஃபேனில் பதினைந்து ஆண்டு அழுக்கு. உன் மகனுடைய 60 ஜிபி ஹார்டு டிஸ்க்கை அப்படியே கழற்றி உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். அதன் இடத்தில் அண்ணனின் இறந்துபோன லேப்டாப்பிலிருந்து எடுத்த டிஸ்க்கை மாட்டினாள். சாதாரண லேப்டாப் டிஸ்க்கே இதற்குப் பொருந்துகிறது, பார். அதை ஃபார்மேட் செய்யும்போது ஆட்டத்துக்கு 10 ஜிபி மட்டும் விட்டு, மீதியை லினக்ஸுக்கு ஒதுக்கினாள். பென் டிரைவில் 'பிஎஸ்3' என்ற ஃபோல்டர், அதற்குள் 'அதர்ஓஎஸ்' என்று இன்னொன்று, அதற்குள் ஒரே ஒரு சிறு கோப்பு. பெட்டி அதைத் தானே கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டது. மறுமுறை இயக்கியபோது வழக்கமான இசையும் அலையும் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. 'பூட்-கேம்-ஓஎஸ்' என்று தட்டினால் மீண்டும் ஆட்டப்பெட்டி ஆகிவிடுகிறது. பூட்டை உடைக்கவே இல்லை. செய்தவர்கள் வைத்த வாசல் வழியாகவே உள்ளே போனாள்.

ஆனால் எழுத்துகள் திரையில் முழுதாக இல்லை. இடது ஓரத்தில் முதல் எழுத்துகளும் கீழே கடைசி வரியும் டிவிக்குள் போய்விட்டன. தட்டுகிற கட்டளையே கண்ணுக்குத் தெரியவில்லை. மென்பொருள் கோளாறு என்று அவள் எதையெதையோ மாற்றிப் பார்த்தாள். எட்டிப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. பிக்சர் டியூப் காலத்தில் மின்னழுத்தம் குறைந்தால் படம் சுருங்கும், ஓரம் கோணும். அது தெரியாமலிருக்கப் படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாகவே விரித்து விடுவோம். டியூப் போய்விட்டது, அந்தப் பழக்கம் மட்டும் எல்சிடி டிவியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னதும், முழுத் திரையைக் காட்டுவதற்கென்று தனியாக ஒரு மோடு எண் இருப்பதைத் தேடி எடுத்துப் போட்டாள். ஓரங்கள் வந்து நின்றன. நாற்பது ஆண்டு நான் செய்த தொழில் அந்தப் பிள்ளையின் கணினிக்குப் பயன்பட்டதில் எனக்குப் பெருமை.

இனி குறைகளையும் சொல்ல வேண்டும். நினைவகம் வெறும் 256 எம்பி. அதிலும் ஒரு பங்கைப் பெட்டியின் உள்காவல் எடுத்துக்கொள்கிறது. படம் வரையும் சில்லை லினக்ஸ் முழுதாகப் பயன்படுத்தச் சோனி விட்டதே இல்லை. அதனால் ஜன்னல்களை நகர்த்தினாலே இழுக்கிறது. இருந்தும் அந்தப் படச் சில்லுக்கென்று இருக்கும் இன்னொரு 256 எம்பி நினைவகத்தை, இடம் போதாத நேரத்தில் ஒதுக்கிடமாகப் பயன்படுத்த ஒரு டிரைவர் இருக்கிறது. அதை இயக்கிவிட்டாள். இயங்குதளமும் பழையதுதான். டெபியன் என்ற லினக்ஸ் வகையை வெளியிடுகிறவர்கள் இந்த வகைப் பிராசஸருக்கு 8-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். ஆவணக் கிடங்கிலிருந்து ஒரு பழைய பதிப்பைச் செல்போனில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தாள். இன்றைய இணையப் பக்கங்களைத் திறந்தால் பெட்டி திணறுகிறது. வீடியோ பாடம் இன்னும் செல்போனில்தான். மின்சாரமும் லேப்டாப்பைப் போலப் பல மடங்கு இழுக்கிறது. கடை இன்வெர்ட்டரில் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கணினி வேண்டும் என்று கேட்கும் யாருக்கும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சி, பைத்தான், தமிழில் கட்டுரை என்று கல்லூரி வேலை பெரும்பாலும் இதில் நடக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செல் பிராசஸருக்குள் ஒரு தலைமைப் பகுதியும் எட்டுத் துணைப் பகுதிகளும் உண்டு. தொழிற்சாலையில் ஒன்று பழுதானாலும் சில்லு வீணாகாமல் இருக்க ஒன்றை அணைத்தே விற்றார்கள். இன்னொன்றைப் பெட்டியே வைத்துக்கொள்கிறது. மீதி ஆறு நமக்கு. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 256 கேபி இடம்தான். புரோகிராமும் தரவும் அதற்குள் அடங்க வேண்டும். வேண்டியதைப் பெரிய நினைவகத்திலிருந்து அதுவே கேட்டு வாங்கி, முடித்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் எழுதுகிறவர்தான் திட்டமிட வேண்டும்.

ஒரு கணித வடிவத்தைத் திரை முழுக்க வரைய, வேலையை ஆறாகப் பிரித்தாள். திரையின் ஒரு வரிக்கு 1,920 புள்ளி. புள்ளிக்கு 4 பைட். ஆக 7,680 பைட். நேரம் மிச்சமாகட்டும் என்று மூன்று வரியாகச் சேர்த்து அனுப்பினாள். 'பஸ் எரர்' என்ற பிழைச் செய்தியோடு புரோகிராம் விழுந்தது. மறுபடி ஓட்டினாலும் அதே இடத்தில் விழுந்தது. இரவு வெகு நேரம் ஆகியும் எழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டு என் மனைவி ஓய்ந்துவிட்டாள். கடைசியில் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பெருக்கிப் பார்த்தாள். மூன்று வரி 23,040 பைட். ஒரே தடவையில் 16 கேபிக்கு மேல், அதாவது 16,384 பைட்டுக்கு மேல், அனுப்ப முடியாது. இரண்டு வரி என்றால் 15,360, அடங்கிவிடும். மாற்றி ஓட்டினாள். அதுவரை வரிவரியாக ஊர்ந்து வந்த படம் இரண்டிரண்டு பட்டைகளாகச் சரசரவென்று நிறைந்தது. "ஆறும் வேலை செய்கிறது மாமா, ஆறும்!" என்று கத்தினாள். அடுத்த கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

ஒரு கணினிக்குள் தரவு எங்கே இருக்கிறது, எவ்வழியாகப் போகிறது, எவ்வளவு போகும் என்பதைக் கையால் தொட்டது போல அவள் தெரிந்துகொண்டாள். புது லேப்டாப் இதை அவளிடமிருந்து மறைத்தே வைத்திருக்கும். 2002 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஆண்ட்ரூ ஹுவாங் என்ற ஆராய்ச்சி மாணவர் எக்ஸ்பாக்ஸ் ஆட்டப்பெட்டியின் சில்லுகளுக்கு நடுவே ஓடும் சிக்னலைத் தட்டி எடுத்து, அதன் ரகசியச் சாவியையே கண்டுபிடித்திருக்கிறார். அவரைப் பற்றி இவள் அடிக்கடி பேசுகிறாள். பர்கூர் டவுன் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைக்கும் அந்த ஆசை வரலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியவை. முதலாவது, உன் மகனிடம் பேசு. அவனுடைய ஆட்டங்களும் சேமித்து வைத்தவையும் பழைய டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்த டிஸ்க் இந்தப் பெட்டியில் மாட்டினால் மட்டுமே திறக்கும். பெட்டிக்கே உரிய சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. அவனுக்கு வேண்டுமென்றால் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, பெட்டியோடு கொடுத்துவிடுகிறோம். பூங்கொடியும் சம்மதித்துவிட்டாள். வேண்டாம் என்றால் அவளிடமே இருக்கட்டும் என்று அவன் வாயால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்.

இரண்டாவது, பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் போனால் இதற்குப் பொருந்தும் ஃபேன் ஒன்று பழையதாகவாவது கிடைக்குமா என்று விசாரி. வெயில் ஏற ஏற இப்போதிருப்பது போடும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல தெர்மல் பேஸ்ட்டும் ஒரு குழாய் வாங்கு. பணம் அனுப்பிவிடுகிறேன், வழக்கம்போல மறுக்காதே.

ஜூனில் மாங்கனிக் கண்காட்சி நடக்கும்போது சரோஜாவை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. செந்தூரா பழுத்ததும் ஒரு பெட்டி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். சாட்டிலைட் பஸ் நிலையத்தில் எடுத்துக்கொள்.

அன்புடன்,
பெருமாள்